பொறுமை இல்லாத டீச்சர்

யோகலட்சுமி டீச்சரைப் பற்றித் தென்காசியில் யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் சொல் பொறுமை. "அந்தப் பிள்ளைகளோட மல்லுக்கட்டணும்னா எம்புட்டுப் பொறுமை வேணும்!" என்பார்கள். ஆசிரியர் தின விழாக்களில் அவருக்குப் போர்த்தப்பட்ட சால்வைகள் எல்லாம் பொறுமையின் பெயரால் போர்த்தப்பட்டவை. உண்மை என்னவென்றால், மாவட்டத்திலேயே பொறுமை மிகக் குறைந்த மனிதர்களில் அவர் ஒருவர். ரயில்வே கேட் மூடியிருந்தால் ஹாரன் அடிப்பார். எதிரில் இருப்பவர் பேசும் வாக்கியத்தின் பின்பாதியைத் தானே சொல்லி முடிப்பார். பெரும்பாலும் சரியாகவே சொல்லிவிடுவதால் யாரும் சண்டைக்குப் போக முடிவதில்லை. கணவர் பரமேஸ்வரன் நிதானமாகப் பேசுகிறவர். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரு வாக்கியத்தையும் முழுதாகச் சொன்னதில்லை என்பது உறவினர்களின் கணிப்பு. அவருக்கு அதில் வருத்தமில்லை. பாதி வேலை மிச்சம் என்கிறார்.

பொறுமையைப் பற்றி டீச்சரின் கட்சியே வேறு. "எல்லாரும் பொறுமையா இருந்து இருந்துதான் இந்தப் பிள்ளைய எல்லாம் கெடந்த பாயிலயே கெடக்கு" என்பார்.

கணக்கு டீச்சராக வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. கணிதத்தில் பட்டம் வாங்கிய வருடம் கல்வியியல் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. சிறப்புக் கல்வியில் இடம் காலியாக இருந்தது. சேவை மனப்பான்மையால் இந்தத் துறைக்கு வந்தார் என்று விழா மேடைகளில் சொல்லும்போது அவர் மறுப்பதில்லை. சால்வையோடு நிற்கிறவர் எப்படி மறுப்பது? பள்ளிக்கூடத்துக்கு வரவே முடியாத அளவுக்குக் கடுமையான குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு, வீட்டுக்கே போய்க் கற்றுக்கொடுப்பது அவர் வேலை. தற்காலிக வேலைதான். ஆனால் வருடம் தவறாமல் புதுப்பிக்கப்படுவதால், நிரந்தரமாகத் தற்காலிகமாக இருக்கிறார். ஸ்கூட்டரின் முன்பக்கம் பை ஒன்று. அதில் மணி, பந்து, படங்கள், ஒரு தேங்காய்ப்பூத் துண்டு. உட்காரவும் பேசவும் முடியாத பிள்ளைக்கு என்ன பாடம் நடத்துவீர்கள் என்று கேட்பவர்களிடம், "நீங்க பள்ளிக்கூடத்துல என்ன படிச்சியளோ அதேதான். உக்காரச் சொன்னா உக்காரது, கேட்டா பதில் சொல்லுதது" என்பார்.

வடகரையில் அவருக்கு ஒரு மாணவி உண்டு. பெயர் நஸீபா, வயது பதிமூன்று. பிறந்தபோது மூச்சுத் திணறியதில் மூளை பாதிக்கப்பட்டு, கைகால்கள் விறைத்து, அவள் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயின. வாய்ப்பேச்சும் இல்லை. கண்கள் மட்டும் கத்தி. டிவியில் நகைச்சுவைக் காட்சி வந்தால் வீட்டில் முதலில் சிரிப்பது அவள்தான். மற்றவர்களுக்குப் புரிய இன்னும் சற்று நேரமாகும். தகப்பனார் அஹ்சன் சவுதியில், தம்மாமில் ஒரு பெரிய கடையில் வேலை பார்க்கிறார். வீட்டில் இருப்பது தாய் நூர்நிஷாவும், அஹ்சனின் தம்பி சேக் மைதீனும். சேக் மைதீன் ஆட்டோ ஓட்டுகிறவர்.

போன கோடையில், வெளிநாட்டில் வாழும் நம்மூர்க்காரர்கள் சிலர் நடத்தும் அறக்கட்டளை ஒன்று இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கென்று சில கருவிகளைக் கொடுத்தது. அதில் ஒன்று நஸீபாவுக்கு வந்தது. தொடுதிரையோடு ஒரு டேப்; அதைச் சக்கர நாற்காலியோடு பிணைக்கும் இரும்புக் கை; டீ சாஸர் அளவில் ஒரு சிவப்புப் பட்டன். திரையில் நான்கு படங்கள் இருக்கும். மஞ்சள் வெளிச்சம் ஒன்று ஒவ்வொரு படமாக நகர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும். வேண்டிய படத்துக்கு வெளிச்சம் வரும்போது பட்டனை அழுத்தினால், டேப் அதை வாய்விட்டுச் சொல்லும்.

பட்டனை எங்கே வைப்பது என்பதுதான் பெரிய கேள்வியாக இருந்தது. கையால் முடியாது, காலால் முடியாது. டீச்சர் நூர்நிஷாவைத் திட்டும்போதெல்லாம், வேடிக்கை பார்ப்பதற்காக நஸீபா தலையை இடப்பக்கம் திருப்பினாள். அப்படியாகப் பட்டனுக்கு இடம் கிடைத்தது: இடது கன்னத்துக்குப் பக்கத்தில். டேபோடு வந்த குரல் ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இருந்ததால், டீச்சர் தன் மகள் உமா மகேஸ்வரியைப் பேசவைத்துப் பதிவு செய்தார். அந்தப் பெண் பழக்கதோஷத்தில் முதலில் எல்லா இடத்திலும் "அம்மா" என்று சொல்லிவிட, திட்டு வாங்கிக்கொண்டு "உம்மா" என்று மறுபடி பேசினாள். ஆக, வடகரையில் நஸீபாவின் குரல் தென்காசி மேலமாசி வீதியில் ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தது.

எல்லாம் சரிதான். ஆனால் கருவி வந்த வீடு அதற்கு ஒத்துவராத வீடு.

விறைத்த கழுத்தைத் திருப்பி, வெளிச்சம் சரியான படத்தில் நிற்கும் கணத்தில் கன்னத்தால் அழுத்துவது சாதாரணக் காரியமல்ல. பல தடவை வெளிச்சம் தாண்டிப் போய்விடும். திரும்பச் சுற்றிவரும் வரை காத்திருக்க வேண்டும். நஸீபா காத்திருப்பாள். பிறந்ததிலிருந்து அவளுக்கு அதுதானே பழக்கம். காத்திருக்க முடியாதது நூர்நிஷாவுக்கு. மகள் கன்னத்தைத் திருப்பத் தொடங்குவதற்குள் தண்ணீர்த் தம்ளர் உதட்டுக்கு வந்துவிடும்.

"நூர்நிஷா, இப்ப யாரு தண்ணி கேட்டா?"

"அவதான் டீச்சர். மூஞ்சியப் பாத்தா தெரியலையா?"

"உனக்குத் தெரியும். நாளைக்கி நீ இல்லாத எடத்துல யாருக்குத் தெரியும்?"

"நான் ஏன் இல்லாம இருக்கேன்? எங்கன போவப்போறேன்?"

"ஏன், நீ மட்டும் சாவமாட்டியோ?"

வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த சேக் மைதீன் எட்டிப் பார்த்தார். "ஜும்ஆ அன்னைக்கிப் பேசுத பேச்சா டீச்சர் இது?"

"நீரு சும்மா இரியும். அண்ணன் வாங்கித் தந்த ஆட்டோவுல சவாரிக்குப் போவாம காலையில இருந்து தொடச்சிக்கிட்டு இருக்கீரு."

நூர்நிஷா தம்ளரைக் கீழே வைக்கவில்லை. "டீச்சர், எங்க வீட்டுல ஒருத்தரும் கேட்டு வாங்கிக் குடிச்சது கெடையாது. வந்த விருந்தாளியவே கேக்கவிடமாட்டோம். பெத்த பிள்ளைய, வாய் தொறந்து கேளு, அப்பத்தான் தருவேன்னு நிப்பாட்டி வச்சா, நாலு பேரு என்னைய என்ன சொல்லுவாவ?"

இதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. அந்த வீட்டில் டீ குடித்தவர்களுக்குத் தெரியும். தம்ளர் பாதியாவதற்குள் நிரம்பிவிடும், போதும் என்று சொல்லவும் அவகாசம் கிடைக்காது. கேட்கவைப்பது கேவலம் என்பது அங்கே எழுதாத சட்டம். அப்படிப்பட்ட வீட்டுக்குள், கேட்பதற்கென்றே ஒரு மிஷினைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார் டீச்சர். அதனால் நூர்நிஷா மிஷினையும் ஒரு விருந்தாளியாக ஏற்றுக்கொண்டார். துடைத்து, பூ வேலை செய்த துணியால் மூடி, பீரோவுக்குள் பத்திரமாக வைத்துவிட்டார். டீச்சரின் ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் கேட்டால் அது வெளியே வரும். எப்போது திறந்து பார்த்தாலும் சார்ஜ் நிறைந்தே இருக்கும். அந்தக் குறையாத சார்ஜைப் பார்க்கும்போதெல்லாம் டீச்சருக்கு ரத்தம் கொதிக்கும்.

கொதிப்பதற்குக் காரணம் இருந்தது. ஆடி மாதம் அறக்கட்டளையின் சென்னை அலுவலகத்திலிருந்து விஜயசங்கர் என்பவர் வந்து பார்ப்பார். பிள்ளை கருவியைப் பயன்படுத்தினால் கருவி அங்கேயே இருக்கும். இல்லையென்றால் காத்திருக்கும் அடுத்த பிள்ளைக்குப் போகும். அடுத்த பிள்ளை பாவூர்சத்திரத்து ஜெனி. அவளும் டீச்சரின் மாணவிதான். அதாவது நஸீபாவிடமிருந்து பிடுங்கினால், அதைத் தன் ஸ்கூட்டரிலேயே வைத்துக் கொண்டுபோய் ஜெனியிடம் கொடுக்க வேண்டியவரும் அவரே. இரண்டு பேருக்கும் ஆளுக்கொன்று கேட்டு அவர் அனுப்பிய மின்னஞ்சலுக்கு, அவருடைய அர்ப்பணிப்பைப் பாராட்டிப் பதில் வந்தது.

சாரல் தொடங்கிய பின் ஒருநாள் வடகரைக்குப் போனால் வீடு பூட்டியிருந்தது. குற்றாலத்துக்குப் போயிருக்கிறார்கள் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். டீச்சர் நனைந்துகொண்டே பழைய குற்றாலத்துக்கு வண்டியை விட்டார். ஆட்டோவின் பின்சீட்டில், துண்டு சுற்றிய நஸீபா சிவந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அருவியில் பெண்கள் வழிவிட, நூர்நிஷா அவளை மடியில் வைத்துக் குளிப்பாட்டியிருக்கிறார். மூலிகைத் தண்ணீர் நரம்புக்கு நல்லது என்று ஒவ்வொரு சீசனிலும் நடப்பது. இப்போது நூர்நிஷா சூடான மிளகாய் பஜ்ஜியை ஊதி ஊதி ஊட்டிக்கொண்டிருந்தார். நஸீபா தலையை இடப்பக்கம் திருப்பினாள். நூர்நிஷா நேராக்கினார். மறுபடி திருப்பினாள். மறுபடி நேராக்கினார்.

"பாத்தியளா டீச்சர், பச்சத்தண்ணியில நின்னது காத்து புடிச்சிட்டு. கழுத்த ஒரு பக்கமா இழுக்கு. எண்ணெ போட்டு உருவணும்."

டீச்சர் வாயடைத்து நின்றார். அவருக்கு அது அபூர்வம். பிறகு அடைத்த வாய் திறந்தது. "ஏளா, அது காத்து இல்ல! பட்டனத் தேடுதா! என்னமோ சொல்லணும்னு தேடுதா! டேபு எங்க?"

"பீரோவுல பத்திரமா இருக்கு. இங்கன கொண்டாந்தா நனைஞ்சிருமே."

"வாய கழத்தி பீரோவுல வச்சிப் பூட்டிட்டு, பிள்ளையக் கூட்டிக்கிட்டு ஊரு சுத்த வந்திருக்க!"

பஜ்ஜிக் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். மரத்தில் இருந்த குரங்குகளும் பார்த்தன. மதுரைப் பக்கத்திலிருந்து குளிக்க வந்திருந்த ஒரு பெண்மணி அருகில் வந்து, "பொறுமையா இருங்கம்மா, இந்தப் பிள்ளைகளுக்குன்னு கடவுள் ஒரு வழி வச்சிருப்பார்" என்றார். டீச்சர் அவரிடம் பேசியதை இங்கே எழுத முடியாது. நஸீபா மட்டும் வாய்கொள்ளாமல் சிரித்தாள். அவள் என்ன சொல்லத் தேடினாள் என்பது யாருக்கும் தெரியாமலே அந்த நாள் முடிந்தது.

டீச்சருக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. பிள்ளை கற்றுக்கொண்டுவிட்டாள். கற்றுக்கொள்ளாதது வீடு.

விஜயசங்கர் வந்த அன்று வீடு பெருநாள் மாதிரி இருந்தது. நஸீபாவுக்கு ஜரிகை வைத்த பச்சைச் சுடிதார். மேஜையில் சமோசா, பேரீச்சம்பழம், ரோஸ்மில்க். விஜயசங்கர் மென்மையான இளைஞர். எதைப் பார்த்தாலும் "சூப்பர்" என்பார். ரோஸ்மில்க்கையும் சக்கர நாற்காலியையும் ஒரே தொனியில் சூப்பர் என்றார். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி ஓடவிட்டு, பழங்கள் இருக்கும் பக்கத்தைத் திறந்தார்.

"நஸீபா, உனக்கு என்ன பழம் பிடிக்கும்?"

வெளிச்சம் வாழைப்பழத்தைத் தாண்டி மாம்பழத்துக்கு வந்தது. "மாம்பழம்" என்றது டேப்.

"சூப்பர்!" விஜயசங்கர் பக்கத்தை மாற்றினார். "இதுல எது பறக்கும்?"

"காக்கா."

அடுத்து ஆட்களின் படங்கள் வந்தன. "உன் சாச்சா எங்க இருக்கார்?"

"சாச்சா" என்றது டேப், சேக் மைதீனின் புகைப்படத்துக்கு வெளிச்சம் வந்த அதே நொடியில். சேக் மைதீன் கூச்சத்தோடு மீசையைத் தடவிக்கொண்டார்.

டீச்சருக்கு முதலில் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு பார்த்ததால் உடனே புலப்படவில்லை. துடைத்துக்கொண்டு பார்த்தபோது புலப்பட்டது. நஸீபா திரையைப் பார்க்கவே இல்லை. மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தலையைப் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டு நூர்நிஷா நின்றார். தாய் தாங்குவதை யார் தப்பாக நினைப்பார்கள்? முக்காட்டின் நுனி பட்டன் மேல் விழுந்திருந்தது. அதற்கு அடியில் கட்டைவிரல் இருந்தது.

பேசாமல் இருந்திருக்கலாம். இருந்திருந்தால் கருவி அங்கேயே நின்றிருக்கும். விஜயசங்கர் மகிழ்ச்சியாக ஊர் போயிருப்பார். ஜெனி விஷயத்தை வேறு விதமாகப் பார்த்திருக்கலாம். புத்திசாலிகள் அப்படித்தான் செய்வார்கள், டீச்சரும் புத்திசாலிதான். ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"சார், நிப்பாட்டுங்க. இது அவ சொல்லல. அவ உம்மா சொல்லுதா."

டீச்சர் தாயின் பக்கம் திரும்பினார்.

"நூர்நிஷா, கைய எடு."

"எடுக்க மாட்டேன்." நூர்நிஷாவின் முகம் சிவந்திருந்தது. "சென்னையில இருந்து வந்தவுகள எம்புட்டு நேரந்தான் காக்க வைக்கது? இத்தன பேரு முன்னால பிள்ள கழுத்த முறிச்சிக்கிட்டுக் கெடக்கத வீடியோ எடுக்கணுமோ? நான் கைய எடுத்தா மிஷின் போயிரும்."

"நீதான் அதப் பீரோவுல வச்சிப் பூட்டுனவ! போனா உனக்கு என்ன?"

"எனக்கு ஒண்ணுமில்ல. நீங்க மழையிலயும் வெயில்லயும் வந்து தொண்டை வத்தக் கத்துனியளே. அதுக்காவது இருக்கட்டும்னுதான்."

தனக்காகச் செய்யப்பட்ட மோசடி என்று தெரிந்ததும் டீச்சருக்குக் கோபம் இரட்டிப்பானது. "எனக்கு ஒரு மண்ணும் வேண்டாம். கைய எடுட்டி!"

நூர்நிஷா கையை எடுத்தார்.

டீச்சர் பழங்களின் பக்கத்தை மூடி வேறொன்றைத் திறந்தார். பதிமூன்று வயதுப் பெண்ணுக்கு என்னென்ன வார்த்தைகள் வேண்டும் என்று தன் மகளைக் கேட்டு வைத்திருந்த பக்கம் அது. அதில் நான்கே வார்த்தைகள்: எனக்குத் தெரியும். போர் அடிக்குது. இங்க வா. வெளிய போ.

"என்ன சொல்லணும்னு தோணுதோ சொல்லுட்டி. யாரும் ஒண்ணும் கேக்கல."

வெளிச்சம் சுற்றியது. நஸீபாவின் பார்வை விசிறியிலிருந்து இறங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. தலை திரும்பி, பாதியில் நின்று, பின்னுக்குப் போனது. விஜயசங்கர் பேரீச்சம்பழக் கொட்டையை எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். நூர்நிஷா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். அவர் கை இரண்டு முறை நீண்டு இரண்டு முறையும் திரும்பியது. நஸீபாவின் வாயோரம் எச்சில் வழிந்தது. டீச்சர் துடைக்கவில்லை, யாரையும் துடைக்க விடவுமில்லை. கன்னம் பட்டனைத் தொட்டது.

"வெளிய போ" என்றாள் உமா மகேஸ்வரி, டேபுக்குள்ளிருந்து.

விஜயசங்கர் எழுந்தேவிட்டார். சேக் மைதீன் ஏற்கெனவே வாசல்படியில் இருந்தார். டீச்சரே ஒரு கணம் தன்னையோ என்று தடுமாறினார். பிறகு ஆட்களின் படங்கள் இருக்கும் பக்கத்தைத் திறந்து, "யாரட்டி சொல்லுத?" என்றார். மறுபடி அதே கழுத்து, அதே நரம்பு. சாச்சாவைத் தாண்டியது, டீச்சரைத் தாண்டியது.

"உம்மா."

நூர்நிஷா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அடுப்படிக்குப் போனார். உள்ளே பாத்திரங்கள் தேவைக்கு மேல் சத்தமாக நகர்ந்தன.

"சார், இப்பக் கேளுங்க" என்றார் டீச்சர்.

விஜயசங்கர் கேமராவை மறுபடி ஓடவிட்டு பழைய கேள்வியையே கேட்டார். பழங்களின் மேல் வெளிச்சம் நகர்ந்தது. மாம்பழத்தைத் தாண்டியது. சுற்றி வந்து மறுபடியும் மாம்பழத்தைத் தாண்டியது. கன்னம் விழுந்தபோது டேப், "பலாப்பழம்" என்றது.

"தப்பா அமுக்கிட்டா" என்றார், உள்ளே திரும்பி வந்து சமோசா எடுத்திருந்த சேக் மைதீன். "சின்னதுல இருந்து அவளுக்கு மாம்பழந்தானே உசிரு. மைனி சாறு எடுத்து எடுத்துக் கொடுக்கும்."

நஸீபா மறுபடி கன்னத்தை நகர்த்தினாள். "பலாப்பழம்" என்றது டேப். சேக் மைதீன் சமோசாவைத் தட்டில் வைத்துவிட்டார். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

விஜயசங்கருக்கு அது போதுமானதாக இருந்தது. கருவி இங்கேயே இருக்கட்டும் என்றார். ஜெனிக்கு அடுத்த தடவை பார்க்கலாம் என்றார். எப்போது என்று டீச்சர் கேட்டதற்கு, சீக்கிரமே என்று ஆண்டு குறிப்பிடாமல் சொன்னார். பிறகு கேமராவைப் பார்த்துத் தயங்கினார்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? ரெண்டாவது வீடியோ ரொம்ப நீளம். அதுல பாதி நேரம் எதுவுமே நடக்கல. நன்கொடை கொடுக்கறவங்க அவ்வளவு நேரம் பாக்க மாட்டாங்க. முதல் வீடியோ கச்சிதமா இருக்கு. அதை அனுப்பிக்கலாமா?"

"அதுல பேசுனது இவ உம்மா சார்."

"புரியுது. ஆனா பாக்கறவங்களுக்குத் தெரியாதில்லையா?"

"அழிங்க."

"மேடம், அடுத்த கருவிக்கெல்லாம் பணம் வர்றதே இந்த மாதிரி வீடியோவாலதான்."

டீச்சர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். ஜெனியின் முகம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும், மூடிக்கொண்டார். அழியுங்கள் என்று மறுபடி சொல்லவும் இல்லை, அனுப்புங்கள் என்று சொல்லவும் இல்லை. விஜயசங்கர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாரா என்பது அவர் முகத்திலிருந்து தெரியவில்லை. சூப்பர் என்று மட்டும் சொன்னார்.

அடுப்படியிலிருந்து நூர்நிஷாவின் குரல் வந்தது. அழுத குரல்; அழவில்லை என்று காட்டப் பார்க்கும் குரல்.

"முடிஞ்சிட்டா? நான் வரலாமா?"

"வாங்க வா..." என்று விஜயசங்கர் தொடங்க, டீச்சர் கையைத் தூக்கினார். எழுந்து டேபில் பக்கத்தை மாற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"என்ன, ஒரு சத்தத்தையும் காணும்? வரலாமான்னு கேட்டேன்."

"இரு. என் வீடா இது? அவ சொல்லட்டும்."

வெளிச்சம் "இங்க வா"வைத் தொட்டது. நஸீபாவின் தலை அசைந்தது, பட்டனை எட்டவில்லை. வெளிச்சம் தாண்டிப் போனது. டீச்சர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார். அடுப்படி வாசலில் நூர்நிஷாவின் நிழல் தெரிந்தது. நிலைப்படிக்கு இந்தப்பக்கம் அது வரவில்லை. வெளிச்சம் மறுபடி சுற்றி வந்துகொண்டிருந்தது.